ஓடுகிற தண்ணீர் உறையாது

பம்பரம் என்ற பட்டப்பெயரை வைத்தது தான்தான் என்று அவருடைய மச்சானும், இல்லவே இல்லை, தான்தான் என்று அவருடைய மனைவியும் இன்றைக்கும் வாதாடுவார்கள். யார் வைத்திருந்தாலும் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். மனிதர் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்துவிட்டு வருவார். டிவியை நின்றுகொண்டுதான் பார்ப்பார். முடி வெட்டுகிறவர், "அண்ணே, காது உங்களோடதுதான், கொஞ்சம் ஆடாம இருந்தா உங்களுக்குத்தான் நல்லது" என்று ஒவ்வொரு முறையும் கெஞ்சுவார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது. எத்தனை மாடியானாலும் படிதான்.

காலில் சக்கரம் கட்டிய இந்த மனிதருக்கு வாய்த்த பிழைப்போ, தண்ணீர் உறைகிறவரை பக்கத்திலேயே நின்று காத்திருக்கிற பிழைப்பு. விதி ஆள் பார்த்துத்தான் விளையாடும் போலிருக்கிறது.

பெரிய கட்டடங்களில் குழாயோ வால்வோ பழுதானால், மொத்தத் தண்ணீரையும் வடித்துவிட்டுத்தான் வேலை பார்ப்பார்கள். வடிக்க வழியில்லாத இடங்களுக்குப் பம்பரத்தைக் கூப்பிடுவார்கள். பழுதான இடத்துக்குச் சற்று முன்னால் குழாயைச் சுற்றி ஒரு உறையை மாட்டி, அதற்குள் திரவ நைட்ரஜனை விடுவார். குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் அந்த ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பனிக்கட்டியாகி, தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பை நம்பி, அதற்கு அப்பால் மச்சான் குழாயை வெட்டிப் புது வால்வைப் பொருத்துவார். வேலை முடிந்ததும் பனி தானாகக் கரைந்து தண்ணீர் பழையபடி ஓடும்.

மாமனுக்கும் மச்சானுக்கும் இடையில் ஒரே ஒரு சட்டம்தான். தண்ணீர் முழுக்க உறைந்ததும் "கட்டிடுச்சு" என்று சொல்கிற உரிமை பம்பரத்துக்கு மட்டுமே உண்டு. ரம்பத்தோடு நிற்கிற மச்சான், உயிரே போனாலும், "கட்டிடுச்சா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஊற்றுகிறவருக்கு அவசரம் வந்துவிடும். அவசரத்தில் வந்த சொல்லை நம்பி வெட்டினால், பின்னால் நிற்கிற தண்ணீர் அத்தனையும் வெட்டியவர் மூஞ்சியில்தான் வந்து விழும். மச்சான் வாயாடி. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வார்.

எதையெல்லாம் உறைய வைக்கலாம் என்று பம்பரத்திடம் கேட்டுவிட்டால் போதும், குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொல்லித் தள்ளுவார். பூவை முக்கி எடுத்துக் கசக்கினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். ரப்பர் குழாயைச் சுத்தியலால் தட்டினால் பீங்கான் மாதிரி உடையும். பாதரசம் கூட இறுகி, ஆணி அடிக்கிற பதத்துக்கு வந்துவிடும். சாராயத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது என்று மச்சான் ஒருமுறை பந்தயம் கட்டினார். நல்ல சரக்காக ஒரு டம்ளர் ஊற்றி இறக்கினார்கள். முதலில் தேன் மாதிரி குழைந்தது. கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிட்டது. தோற்ற வருத்தத்தில், கல்லானாலும் சரக்கு சரக்குதானே என்று மச்சான் நாக்கை வைத்துப் பார்த்தார். அந்த வாரம் முழுவதும் அவர் பேசிய பேச்சு அவருக்கே புரியவில்லை.

உறையாதவையும் உண்டு. பலூனில் அடைக்கிற ஹீலியம் இந்தக் குளிருக்கெல்லாம் மசியாது, பலூன்தான் சுருங்கும். காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் வெளிர் நீலமாகச் சொட்டுமே தவிரக் கட்டியாகாது. குளிர் தாங்குகிற மருந்து கலந்த இயந்திரத் தண்ணீர் சேறு மாதிரி குழைந்து நிற்கும், அடைப்பாகாது. ஆனால் பம்பரத்தின் பெரிய எதிரி இவை எதுவும் இல்லை. வெறும் தண்ணீர்தான், நிற்காமல் ஓடுகிற வெறும் தண்ணீர். எவ்வளவு குளிரைக் கொட்டினாலும் பின்னாலிருந்து புதுத் தண்ணீர் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வெளியே குழாய் வெள்ளை வெளேரென்று பனி பூத்திருக்கும். உள்ளே தண்ணீர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வெளுப்பைப் பார்த்து ஏமாந்து வெட்டிய கதைகள் இந்தத் தொழிலில் நிறைய.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை, அவர் குடியிருக்கிற கட்டடத்திலேயே வந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எல்லா வீட்டுக்கும் போகிற பெரிய குழாயில் வால்வு பாதி திறந்தபடி இறுகிப்போய், கழுத்தில் விரிசலும் விட்டிருந்தது. அது என்றைக்கு உடைந்தாலும் தொட்டித் தண்ணீர் மொத்தமும் பக்கத்து அறையிலிருக்கும் லிஃப்ட் மோட்டார் மேல்தான் பாயும். தொட்டியை வடித்துவிட்டு வேலை செய்யலாம் என்றால், வடித்த தொட்டி மறுபடி நிறைய இரண்டு நாள் ஆகும். குடியிருப்போர் சங்கத் தலைவர் பம்பரத்தின் தோளில் கைபோட்டு, "நம்ம கட்டடத்துல நீங்க இருக்கும்போது நாங்க எதுக்கு வாளியத் தூக்கணும்?" என்றார். பம்பரம் உடனே ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்காமல் தப்பிக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது.

வீட்டில் மகள் இருந்தாள். போன வாரம் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவள், "சும்மா நாலு நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். நாலு நாளுக்கு யாரும் அவ்வளவு பெரிய பெட்டி கொண்டுவர மாட்டார்கள். அந்தப் பெட்டியையும் அவள் திறக்கவில்லை. அம்மாவின் துணியை எடுத்து உடுத்திக்கொண்டாள். மாப்பிள்ளையிடமிருந்து ஒரு போன் வரவில்லை. இவளும் பேசியதாகத் தெரியவில்லை. கேட்டதற்கெல்லாம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல்தான் பம்பரம் அந்த வாரம் வழக்கத்தைவிட அதிகமாகச் சுற்றினார்.

அன்று காலையில் பேக்கரி வேலைக்குக் கிளம்பிய மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மான்னு ஒரே பாட்டு. நீங்க கேளுங்க. உங்ககிட்டன்னா சொல்லுவா."

"கேக்கறேன், கேக்கறேன். இந்த வால்வு வேலை முடியட்டும்."

"போன வாரம் ஆஸ்பத்திரி வேலை முடியட்டும்னீங்க. உலகத்துல இருக்கிற வால்வெல்லாம் முடிஞ்சு நீங்க வந்து கேக்கறதுக்குள்ள அவ கிழவி ஆயிடுவா."

"சாயங்காலம் கண்டிப்பா கேக்கறேன்."

"நீங்க உக்காந்தாத்தானே அவ பேசுவா? ஓடிக்கிட்டே இருக்கிற ஆள்கிட்ட யாரு என்னத்தச் சொல்றது?"

பம்பரத்துக்குப் பயம். வேறொன்றுமில்லை. இந்தக் கல்யாணத்தை முன்னால் நின்று முடித்தவர் அவர். "பையன் கொஞ்சம் முசுடு மாதிரி தெரியுதே" என்று மனைவி தயங்கியபோது, "தங்கமான பையன், நான் சொல்றேன்ல" என்று அடித்துப் பேசியவரும் அவர்தான். கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்துவிட்டால் அதற்குமேல் ஓடுவதற்கு இடமில்லை.

முந்தின நாள் மாலையே அவர் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லியிருந்தார். நாளைக் காலை பத்து மணிக்குமேல், நான் வந்து சொல்கிறவரை ஒருவரும் குழாயைத் திறக்கக் கூடாது, சொட்டுத் தண்ணீர் ஓடினாலும் மேலே வேலை கெட்டுவிடும் என்று பல்லெல்லாம் தெரிய விளக்கினார். தன் வீட்டுக் கதவை மட்டும் தட்டவில்லை. நம்ம வீடுதானே, தெரியாமலா இருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில், மனைவி வேலையிலிருந்து திரும்பாத நேரம் அது. உள்ளே மகள் தனியாக இருந்தாள். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிய கால்கள் அந்த வாசலை மட்டும் வேகமாகக் கடந்து படியேறிவிட்டன.

பத்து மணிக்கு மேல் தொட்டியடி அறையில் வேலை தொடங்கியது. ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்தார்கள். நைட்ரஜன் சத்தமில்லாமல் அறைக் காற்றை வெளியே தள்ளிவிட்டு ஆளைச் சாய்த்துவிடும் என்பதால், அதில் மட்டும் பம்பரம் விளையாட மாட்டார். ஸ்டீல் ஃபிளாஸ்கின் வால்வைத் திருகியதும் குழாய் உறையைச் சுற்றி வெண்புகை கொட்டித் தரையில் பரவியது. குழாய் முதலில் வியர்த்தது, பிறகு வெளுத்தது. மச்சான் ரம்பத்தைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டு வேறுபக்கம் பார்த்தார். அறை வாசலில் சங்கத் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, உறைஞ்சிடுச்சா?"

மச்சான் பதறிப்போய் அவரைத் திரும்பிப் பார்த்தார். "சார், அந்த வார்த்தைய இங்க யாரும் கேக்கக் கூடாது. கீழ போய் உக்காருங்க, நாங்களே சொல்லி அனுப்பறோம்."

பம்பரம் நீளமான திருப்புளியின் முனையைக் குழாயில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் இழையாக வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். சத்தம் அப்படியே இருந்தது. குழாய் வெளியே பஞ்சு ஒட்டிய மாதிரி வெளுத்திருந்தது. பார்க்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவான். ஃபிளாஸ்கில் இருந்ததோ இந்த ஒரு வேலைக்கு அளந்த நைட்ரஜன். ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று வாங்க வழியில்லை.

"எவனோ குழாயத் திறந்து வெச்சிருக்கான்" என்றார் பம்பரம். "நீ ஊத்திக்கிட்டே இரு. நான் சொல்லாம ரம்பத்தத் தொடாத."

"நீங்க எங்க போறீங்க மாமா?"

அவர் அதற்குள் இரண்டு மாடி இறங்கியிருந்தார்.

ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு ஓரமாகப் போகிற குழாயில் திருப்புளியை வைத்துக் கேட்டார். ஆறாவது மாடியில் ஒரு கதவை இடித்தபோது, தலை முழுக்க நுரையோடு ஒரு இளைஞன் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"நேத்து வந்து சொன்னேனா இல்லையா தம்பி?"

"சொன்னீங்க அங்கிள். நுரை போட்டதுக்கப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

"ஞாபகம் வந்ததுல்ல, அப்படியே நில்லு. அசையாத."

"கண்ணு எரியுது அங்கிள்!"

"எரியட்டும். நல்லா ஞாபகம் இருக்கும்."

ஐந்தாவது மாடியில் ஒரு அம்மா, "ஒரே ஒரு வாளிதான் பிடிச்சேன், அதுக்குப்போய் இப்படி ஓடி வர்றீங்களே" என்று சண்டைக்கு வந்தாள். அந்தக் குழாயும் மூடியது. சத்தம் இளைத்தது, ஆனால் நிற்கவில்லை. நான்காவது மாடியில் எல்லா வீட்டிலும் சத்தியம் செய்தார்கள். தண்ணீர் அந்த மாடியையும் தாண்டிக் கீழே போகிற சத்தம் குழாயில் கேட்டது. மூன்றாவது மாடியில் அவர் நிற்கவேயில்லை. நேராக இரண்டாவது மாடிக்கு இறங்கி, குழாயில் காதை வைத்தார்.

இரண்டாவது மாடியில் குழாய் அமைதியாக இருந்தது. நம்பாமல் முதல் மாடிக்கு ஓடிப்போய்க் கேட்டார். அங்கேயும் அமைதி. அப்படியென்றால் தண்ணீர் மூன்றாவது மாடியோடு நின்றுவிடுகிறது, அங்கேதான் ஓடுகிறது. மூன்றாவது மாடியில் இரண்டே வீடு. ஒன்றில் ஆள் ஊரில் இல்லை. கதவு பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்று அவருடையது.

மறுபடி மேலே ஏறியபோது படியேற இவ்வளவு நேரம் ஆகும் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. சாவியைப் போட்டுத் திறந்தார். கூடத்தில் யாருமில்லை. மூடிய குளியலறைக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் வாளியில் விழுந்து, நிறைந்து, தரையில் வழிந்துகொண்டிருந்தது.

"பாப்பா, குழாய மூடும்மா. மேல வேலை நடக்குது."

கதவைத் தட்டினார்.

"பாப்பா, கேக்குதா? கொஞ்ச நேரம் யாரும் தண்ணி திறக்கக் கூடாது. அப்பா உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

"இப்ப மூட முடியாதுப்பா." ஜலதோஷம் பிடித்த குரல் மாதிரி இருந்தது.

"குளிக்கிறியா?"

"இல்ல."

"துணி ஏதாவது அலசுறியா?"

"இல்லப்பா."

"பின்ன என்னம்மா? மேல உங்க மாமா நின்னுக்கிட்டிருக்கான். கட்டடமே காத்துக்கிட்டிருக்கு. ஏன் மூட முடியாது?"

"மூடினா உங்களுக்குக் கேட்டுடும்."

இந்த வாரம் முழுவதும் காலையில் அவர் செருப்பு மாட்டும்போதெல்லாம் குளியலறையில் இந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டிருக்கிறது. கட்டடத்தில் எங்கே சொட்டுத் தண்ணீர் ஓடினாலும் காதில் பிடித்துவிடுகிற மனிதர், தன் வீட்டில் தினமும் ஓடிய தண்ணீரைக் கேட்டுவிட்டு, குளிக்கிறாள் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போயிருக்கிறார். அவமானமாக இருந்தது. மகள் மேல் அல்ல, மாப்பிள்ளை மேல் கூட அல்ல, தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. மச்சான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க, கட்டிடுச்சான்னு நான் கேக்கல. ஃபிளாஸ்க் பாதிக்குக் கீழ வந்துடுச்சு. சத்தம் மட்டும் நிக்க மாட்டேங்குது. எங்க இருக்கீங்க?"

"வீட்ல."

"வீட்லயா? இந்த நேரத்துலயா?"

"நைட்ரஜன நிறுத்திடு."

"என்ன மாமா சொல்றீங்க! இப்ப நிறுத்தினா பிடிச்ச பனியும் போயிடும். மறுபடியும் மொதல்லேர்ந்து ஊத்த இதுல சரக்கு இருக்காது."

"தெரியும். நிறுத்து."

"தலைவருக்கு என்ன பதில் சொல்றது? ஊரையே குழாய மூடச் சொல்லிட்டு வந்தோமே."

"பம்பரம் தோத்துட்டான்னு சொல்லு. தொட்டிய வடிச்சே மாத்திக்கலாம். ரெண்டு நாளைக்கு யார் யாருக்குத் தண்ணி வேணுமோ, நானே மாடி மாடியாத் தூக்கிட்டு வந்து குடுக்கறேன்னு சொல்லு."

பம்பரம் போனை அணைத்துப் பையில் போட்டார். குளியலறைக் கதவுக்கு எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து, தரையிலேயே உட்கார்ந்தார். கதவுக்கடியில் கசிந்த தண்ணீர் வேட்டி நுனியை நனைத்தது. நனையட்டும் என்று விட்டுவிட்டார்.

"பாப்பா."

"ம்."

"நீ மூட வேண்டாம். ஓடட்டும். மேல வேலைய நிறுத்தச் சொல்லிட்டேன். அப்பா இங்கதான் உக்காந்திருக்கேன்."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. எழுந்துபோய் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருடைய கால்கள் துடித்தன. கூடத்து விளக்கில் ஒரு பல்ப் மினுக்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி மாட்டலாம். வாசல் கதவைத் திறந்தபடியே விட்டு வந்திருந்தார், போய்ச் சாத்தலாம். மச்சானும் தலைவரும் மேலே என்ன பேசிக்கொள்கிறார்களோ, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். பம்பரம் இரண்டு கைகளாலும் தன் முழங்கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்படியும் குதிகால் தரையில் தாளம் போட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ. குழாய் திருகுகிற கீச்சொலி கேட்டது. தண்ணீர் இளைத்து, நூலாகி, நின்றுபோனது. கட்டடத்தில் அந்த நேரத்துக்கு ஒரு வீட்டிலும் தண்ணீர் ஓடவில்லை. மேலே போய்ச் சொன்னால், மிச்சமிருக்கிற நைட்ரஜனை வைத்து வேலை ஒருவேளை பிழைத்துக்கூடப் போகலாம் என்று பம்பரத்தின் புத்தி ஒரு கணம் கணக்குப் போட்டது. அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து மகள் அழுகிற சத்தம் கேட்டது. வளர்ந்த பிறகு அவள் அழுது அவர் கேட்டதில்லை. சின்ன வயசில் எப்படி விக்கி விக்கி அழுவாளோ, அதே விக்கல்தான்.

"அப்பா, போயிட்டீங்களா?"

"இல்லம்மா. இங்கதான் இருக்கேன்."

"நான் அங்க திரும்பிப் போக மாட்டேன்பா."

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் ஒரு வாரமாக அவர் மாடிப்படிகளைத் தேய்த்தார். வந்தே விட்டது. வந்த பிறகு, பதில் சொல்ல அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"போக வேண்டாம்."

உள்ளே அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கத்தாம்மா உக்காந்திருக்கேன்" என்றார் பம்பரம். "நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."